ஜத்திலுவிஹ்: பாலியின் ஒரு நெல் கிராமத்தில் வாழ்க்கையும் நிலமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிக்குப் போய் வந்தவர்கள் படிக்கட்டு படிக்கட்டாக இறங்கும் பச்சை வயல்களைப் பார்த்துவிட்டு, "அங்கே ஒரு சின்ன நிலம் கிடைக்குமா? வீடு கட்டி இருக்கலாமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்த வயல்களில் பெரும் பெயர் பெற்றது ஜத்திலுவிஹ். அதைப் பற்றி வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். நிலத்தின் விலையைக் கேட்பதற்கு முன்னால் அந்த நிலத்துக்கு வரும் தண்ணீர் யாருடையது என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் பலவும் அங்கேதான் போய் நிற்கும்.

ஜத்திலுவிஹ் எங்கே இருக்கிறது?

பாலித் தீவின் தபானான் மாவட்டத்தில், பெனெபெல் வட்டத்தில் இருக்கும் மலையோரக் கிராமம். 2,276 மீட்டர் உயரமுள்ள பத்துகாரு மலையின் சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாகாணத் தலைநகர் டென்பசாரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் மலைப்பாதை குறுகலானது, வளைவுகள் நிறைந்தது. ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் மக்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

முதலில் நெல். அதிலும் சிவப்பரிசிதான் இந்த ஊரின் அடையாளம். வயலில்லாத மேட்டு நிலத்தில் காபி, கொக்கோ, தென்னை, வாழை, மூங்கில். வீட்டுக்கு வீடு மாடோ பன்றியோ கோழியோ இருக்கும். அறுவடை முடிந்த வயலில் வாத்துகளை இறக்கி மேயவிடுவார்கள். சிவப்பரிசியை வறுத்துத் தேநீர் போலக் காய்ச்சிக் குடிப்பதும், அதையே பொட்டலம் கட்டி விற்பதும் உண்டு.

அப்புறம் சுற்றுலா. சாலையோரத்தில் உணவகம், தங்கும் அறைகள், வழிகாட்டி வேலை. இளைஞர்களில் பலர் ஊரில் இருப்பதில்லை. தெற்கு பாலியின் ஹோட்டல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அறுவடை நாளில் வயலில் நிற்பவர்களைப் பார்த்தால் நரைத்த தலைகளே அதிகம்.

சுபாக் என்கிறார்களே, அது என்ன? நிலம் தேடுகிறவர் அதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

சுபாக் என்பது ஒரே நீர் மூலத்திலிருந்து பாசனம் பெறும் விவசாயிகளின் சங்கம். பாலியில் இந்த முறை 9ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்து வருகிறது. தீவு முழுவதும் சுமார் 1,200 சுபாக்குகள் இருக்கின்றன. மலையிலிருந்து வரும் ஓடையில் தடுப்பணை கட்டி, குகை போலக் குடைந்த கால்வாய்கள் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து, மடைகளில் பிரித்து ஒவ்வொரு வயலுக்கும் விடுகிறார்கள். யாருக்கு எவ்வளவு, எந்த நாளில் என்பதைச் சங்கம் கூடித் தீர்மானிக்கிறது. சங்கத் தலைவரைப் பெக்காசே என்பார்கள். அரசு அலுவலர் அல்ல, அவரும் ஒரு விவசாயிதான்.

இதில் கோயிலுக்கு இருக்கும் இடத்தைப் புரிந்துகொள்ளாமல் எதுவும் புரியாது. மலைமேல் பத்துகாரு கோயில், ஊருக்குள் பெத்தாலி கோயில், வாய்க்கால் தலைப்பில் ஒரு சிறு கோயில், ஒவ்வொரு வயலின் மூலையிலும் நெல் தெய்வமான ஸ்ரீதேவிக்கு ஒரு சின்ன பீடம் என்று தண்ணீர் இறங்கி வரும் வழியெல்லாம் வழிபாடும் இறங்கி வருகிறது. தண்ணீரை வரவேற்க ஒரு சடங்கு, நடவுக்கு ஒரு சடங்கு, பயிர் சூல் கட்டும்போது ஒன்று, அறுவடைக்கு ஒன்று. இவை வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஆனால் எந்தச் சரிவில் எப்போது நடுவது, எப்போது வயலைக் காயவிடுவது என்ற கால அட்டவணையே இந்தச் சடங்குகளில்தான் இருக்கிறது.

1970களில் பசுமைப் புரட்சித் திட்டம் வந்தபோது, முடிந்த அளவு அடிக்கடி நடவு செய்யும்படி விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது. ஒவ்வொருவரும் தன் வசதிப்படி நட்டதும் தண்ணீர் போதவில்லை. ஏதாவது ஒரு வயலில் எப்போதும் பயிர் நின்றதால் பூச்சிக்கும் எலிக்கும் ஓய்வில்லாமல் தீனி கிடைத்தது. பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஒன்றாக நட்டு ஒன்றாகத் தரிசு போடுவதால்தான் பூச்சி பட்டினி கிடந்து குறைகிறது என்பதை மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் கணக்கிட்டுக் காட்டினார். விவசாயிகளுக்கு அது புதிய செய்தி இல்லை.

நிலம் தேடுகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது? வயல் வாங்கினால் கூடவே ஒரு கடமைப் பட்டியலும் வரும். வாய்க்கால் தூர் வாருவதற்கு ஆள் தர வேண்டும், சடங்குகளுக்குப் பங்கு தர வேண்டும், சங்கத்தின் நடவு நாளுக்குக் கட்டுப்பட வேண்டும். நடு வயலில் ஒருவர் மண் கொட்டி வீடு கட்டினால், அவருக்குக் கீழே இருக்கும் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வராமல் நின்றுபோகும் அல்லது வழி மாறும். அதனால் ஒரு வயலின் விற்பனை அங்கே ஊர் முழுவதற்கும் உரிய விஷயம்.

2012இல் யுனெஸ்கோ பாலியின் சுபாக் நிலப்பரப்பை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. மொத்தம் சுமார் 19,500 ஹெக்டேர். பத்துகாரு சரிவும் அதில் ஜத்திலுவிஹும் அதற்குள் வருகின்றன. 2024இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு இதைச் சிறந்த சுற்றுலா கிராமங்களில் ஒன்றாகவும் தேர்ந்தெடுத்தது.

வயலை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா?

கஷ்டம். கணக்கைப் பார்க்கலாம். பாலியில் நிலத்தை 'ஆர்' என்ற அளவில் பேசுவார்கள். ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஒரு குடும்பத்திடம் 30 ஆர் வயல், அதாவது முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 6 டன் விளைந்தால் ஒரு போகத்துக்கு 1.8 டன் நெல். இந்தோனேசிய அரசு 2025 ஜனவரியில் நிர்ணயித்த கொள்முதல் விலை கிலோவுக்கு 6,500 ரூபியா. ஆக 1 கோடியே 17 லட்சம் ரூபியா. ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ 187 ரூபியா என்று கொண்டால் சுமார் 62,000 ரூபாய். உழவு, நாற்று, உரம், கூலி எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

2025இல் பாலி மாகாணத்தின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் சுமார் 30 லட்சம் ரூபியா. ஹோட்டலில் நான்கு மாதம் வேலை பார்க்கும் பையன் சம்பாதிப்பதும், ஒரு குடும்பம் ஒரு போகம் முழுக்கச் சேற்றில் நின்று செலவைக் கழிக்காமல் எடுப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. வயல் சொந்தமில்லாமல் வாரத்துக்குப் பயிர் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். விளைச்சலைச் சரிபாதி பிரிக்கும் முறைக்கு அங்கே நந்து என்று பெயர். அவர்களுக்கு மேலே சொன்ன தொகையில் பாதிதான்.

பாரம்பரியச் சிவப்பு நெல்லுக்கு விலை அதிகம். ஆனால் அது விளைய ஐந்து, ஆறு மாதம் ஆகும். ஆளுயரத்துக்கு வளரும் பயிர் அது. கதிரைச் சிறு கத்தியால் ஒவ்வொன்றாகக் கொய்து, கட்டுக் கட்டாகக் கட்டிக் களஞ்சியத்தில் ஏற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறைதான் அதை நடுகிறார்கள். அடுத்த போகத்தில் குறுகிய கால நெல்லோ காய்கறியோ போடுவார்கள்.

இளைஞர்கள் விவசாயத்தை விட்டு ஓடுகிறார்கள் என்று வருத்தப்படும் சுற்றுலாப் பயணிகள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். அந்தக் காட்சியை உழுது உண்டாக்குகிறவருக்கு அதிலிருந்து கிடைப்பது இவ்வளவுதான்.

இந்தியக் குடியுரிமை உள்ளவர் அங்கே நிலம் வாங்கலாமா?

முழு உரிமையோடு வாங்க முடியாது. இந்தியர் மட்டுமல்ல, எந்த வெளிநாட்டவரும் முடியாது. இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஹாக் மிலிக் எனப்படும் முழு உரிமையை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது.

தங்கும் அனுமதி உள்ள வெளிநாட்டவர் ஹாக் பக்காய் என்ற பயன்பாட்டு உரிமையில் வீடு வைத்துக்கொள்ளலாம். 30 ஆண்டு, பிறகு 20, பிறகு 30 என்று மொத்தம் 80 ஆண்டு வரை போகலாம். ஆனால் பாலியில் தனி வீட்டுக்குக் குறைந்தபட்ச விலை 500 கோடி ரூபியா என்று அரசு வரம்பு வைத்திருக்கிறது. இந்தியப் பணத்தில் இரண்டரைக் கோடிக்கு மேல். தெற்கு பாலியின் வில்லாக்களை மனதில் வைத்து எழுதிய விதி இது. நெல் கிராமத்தில் சிறு வீடு தேடுகிறவருக்கு இது பயன்படாது. தங்கும் அனுமதி போய்விட்டால் ஓராண்டுக்குள் அந்த உரிமையை வேறொருவருக்கு மாற்றியாகவும் வேண்டும்.

வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் கட்டட உரிமை வாங்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நிலமும் கட்டடமும் நீங்கலாக 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். உண்மையாகத் தொழில் செய்கிறவர்களுக்கான வழி அது. வீடு கட்டிக்கொள்ள அதைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்துவது ஆபத்து.

உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கிவிட்டு, தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால்?

வேண்டாம். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நேரடியாகவோ மறைமுகமாகவோ முழு உரிமையை வெளிநாட்டவருக்கு மாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. நண்பர் நல்லவராகவே இருக்கலாம். அவர் இறந்தால் வாரிசு யார், அவருக்கு மணமுறிவு நடந்தால் சொத்து யாருக்கு, அவர் கடனுக்காக வங்கி கைவைத்தால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். எந்த நீதிமன்றத்திலும் உங்கள் கையில் இருக்கும் தாள் நிற்காது. "பாலியில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று புரோக்கர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தோனேசியரைத் திருமணம் செய்துகொண்டவர்களுக்கு?

திருமண ஒப்பந்தம் இல்லையென்றால், திருமணத்துக்குப் பின் வாங்கும் சொத்து இருவருக்கும் பொதுச் சொத்து ஆகிறது. அதனால் இந்தோனேசியத் துணைக்கே முழு உரிமையில் வாங்குவதில் சிக்கல் வரும். முன்பெல்லாம் இந்தச் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். அரசியலமைப்பு நீதிமன்றம் 2016இல் வெளியிட்ட தீர்ப்புக்குப் பிறகு, திருமண வாழ்க்கையின் இடையிலும் போடலாம். இதை முதலில் முடித்துவிட்டு நிலம் தேடுங்கள்.

இந்தோனேசியக் குடியுரிமை உண்டு, ஆனால் மேடானிலோ ஜகார்த்தாவிலோ வசிக்கிறேன். வயல் வாங்கலாமா?

சுமத்ராவின் மேடானில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பொருந்தும் கேள்வி இது. விவசாய நிலத்துக்கு மட்டும் தனி விதி ஒன்று இருக்கிறது. நில உடைமையாளர் நிலம் இருக்கும் வட்டத்திலேயே வசிக்க வேண்டும் என்று 1961இலிருந்து சட்டம் சொல்கிறது. வெளியூர்க்காரர் கையில் வயல் சேர்ந்து, உழுகிறவர் கூலியாகிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆறு மாதத்துக்குள் அங்கே குடிபெயர வேண்டும், அல்லது நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நடைமுறையில் இது பல இடங்களில் மீறப்படுகிறது என்பது எல்லாரும் அறிந்ததே. ஆனாலும் பதிவின்போது அல்லது பின்னால் தகராறு வரும்போது இந்த விதி எழுந்து நிற்கும்.

வயலின் நடுவில் ஒரு சின்ன மரவீடு கட்டினால் யாருக்கு என்ன தொந்தரவு?

மேலே சுபாக் பற்றிச் சொன்னதை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். சட்டமும் அதையேதான் சொல்கிறது. உணவுப் பயிர் நிலங்களைக் காக்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட வயலை வேறு பயனுக்கு மாற்றுவது குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறையும் 100 கோடி ரூபியா வரை அபராதமும் உண்டு. 2021 இறுதியில் எட்டு மாகாணங்களுக்குப் பாதுகாக்கப்பட்ட வயல்களின் வரைபடத்தை அரசு வெளியிட்டது. அதில் பாலியும் ஒன்று. இது போக, பெரிய கோயில்களைச் சுற்றிப் புனித எல்லை இருக்கிறது. பத்துகாரு போன்ற தலைமைக் கோயில்களுக்கு அந்த எல்லை ஐந்து கிலோமீட்டர் என்பது பாலி இந்து சபையின் நெறி. கட்டடங்களின் உயரத்துக்கு 15 மீட்டர் வரம்பும் உண்டு.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2025 டிசம்பரில் ஜத்திலுவிஹிலேயே, பாதுகாக்கப்பட்ட வயல்பகுதியில் விதி மீறிக் கட்டியதாகச் சொல்லி உணவகங்கள் உட்படப் பல கட்டடங்களை அதிகாரிகள் மூடினார்கள். அதை எதிர்த்து விவசாயிகள் தங்கள் வயல்களில் தகரத் தகடுகளை நட்டு வைத்தார்கள். உலகமே படம் எடுக்க வரும் காட்சியை அவர்களே மறைத்தார்கள். மூடப்பட்டவற்றில் உள்ளூர் ஆட்கள் நடத்திய சிறு கடைகளும் இருந்தன என்பது அவர்கள் கோபத்துக்கு ஒரு காரணம்.

இதில் நான் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறேன். வயலில் கான்கிரீட் ஏறினால் மரபுச் சொத்து போய்விடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேலே போட்ட அந்த நெல் கணக்கையும் வைத்துக்கொண்டு, "நீ வயலை மட்டும் உழு, சுற்றுலா வருமானம் வேறு யாருக்காவது போகட்டும்" என்று ஒரு விவசாயியிடம் சொல்வது நியாயமில்லை. நுழைவுக் கட்டணத்திலும் சுற்றுலா வருமானத்திலும் உழுகிறவருக்கு நேரடியான, கணிசமான பங்கு வர வேண்டும். அது நடக்காதவரை வயலைக் காப்பாற்று என்று சட்டம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது.

குத்தகைக்கு எடுப்பது சரிவருமா?

வெளிநாட்டவருக்கு நடைமுறையில் இருக்கும் நேர்மையான வழி இதுதான். ஆனால் கவனிக்க வேண்டியவை நிறைய.

பாலியில் குத்தகை பெரும்பாலும் 25 ஆண்டு, 30 ஆண்டு என்று நீண்ட காலத்துக்குப் பேசப்படுகிறது. விலையை ஓர் ஆருக்கு ஓராண்டுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். மொத்தப் பணத்தையும் முதலிலேயே கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பணம் முழுவதும் போன பிறகு, கட்டட அனுமதி கிடைக்காத நிலம் என்று தெரிந்தால் கையில் எதுவும் மிஞ்சாது. மண்டல வரைபடத்தில் குடியிருப்புப் பகுதி என்று வரும் இடத்துக்கு மட்டும் பேசுங்கள். கட்டட அனுமதி வந்த பிறகே பெரும் தொகை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

காலம் முடிந்ததும் நீட்டிப்பு உண்டு என்று சும்மா வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். அப்போதைய விலையை எப்படி முடிவு செய்வது, உடைமையாளர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா, கட்டிய வீடு யாருக்குப் போகும், இவை மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். குத்தகை வருமானத்துக்கு 10 சதவீத வரி உண்டு. அது உடைமையாளர் கட்ட வேண்டியது. அதை உங்கள் தலையில் கட்டுகிறார்களா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், இந்தக் கிராமத்துக்கு 25 ஆண்டுக் குத்தகையைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே கட்டியிருக்கும் வீட்டிலோ தங்கும் விடுதியிலோ மாத வாடகைக்கு அறை எடுங்கள். மாதா மாதம் பணம் ஊர்க்காரர் கைக்கு நேராகப் போகும், ஒரு பிடி வயல்மண்ணும் அசையாது.

ஆவணங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

பி.பி.என். எனப்படும் தேசிய நில அலுவலகம் தரும் சான்றிதழ்தான் உண்மையான உரிமைச் சான்று. அது இல்லாமல் பழைய வரிச் சீட்டையோ பரம்பரைத் தாளையோ காட்டினால் எச்சரிக்கையாக இருங்கள். ஊர் வழக்கப்படி கைமாறி வந்த வழக்காற்று நிலங்களுக்கான பழைய தாள்களை ஐந்து ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2021இல் அரசு ஆணை வந்தது. அந்தக் கெடு 2026 பிப்ரவரி 2. அதன் பிறகு அவை உரிமைச் சான்று ஆகாது, பதிவுக்கு வழிகாட்டும் குறிப்பாக மட்டுமே ஏற்கப்படும்.

சான்றிதழ் அசலா, அடமானம் இருக்கிறதா என்பதை நில அலுவலகத்தில் சரிபார்க்க, அரசு அங்கீகாரம் பெற்ற நிலப் பத்திர அலுவலர் வழியாகப் போங்கள். விற்பவர் அழைத்து வரும் அலுவலரைத் தவிர்த்து நீங்களே ஒருவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பாலியில் குடும்ப நிலம் தந்தை வழியில் ஆண் வாரிசுகளுக்குப் போவது வழக்கம். 2010இல் பாலியின் வழக்காற்றுக் கிராமங்களின் உயர் அவை, மகள்களுக்கும் பங்கு உண்டு என்று முடிவெடுத்தது. ஆகவே ஓர் அண்ணன் மட்டும் வந்து கையெழுத்துப் போட்டால் போதாது. தம்பிகள், தங்கைகள் எல்லோரிடமும் சம்மதம் எழுதி வாங்கவில்லை என்றால் பத்து வருடம் கழித்து வில்லங்கம் வரும்.

ஊருக்குள் பழைய வீட்டு மனை கிடைக்குமா?

பெரும்பாலும் விற்பனைக்கு வராது. பாலி ஊர்களில் அரசு நிர்வாகக் கிராமம் ஒன்று, தேசா அடாட் எனப்படும் வழக்காற்றுக் கிராமம் ஒன்று என இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. பழைய வீட்டு மனைகளில் பல வழக்காற்றுக் கிராமத்துக்குச் சொந்தமானவை. அங்கே குடியிருக்கும் குடும்பம் அதற்கு ஈடாகக் கோயிலுக்கும் ஊருக்கும் உழைப்பு தருகிறது. மனைக்குள்ளேயே குலதெய்வக் கோயிலும் இருக்கும். கோயில் நிலங்களும் அப்படித்தான். இவற்றை விற்கிறேன் என்று யாராவது வந்தால் அவருக்கு அந்த உரிமை கிடையாது.

முழு உரிமையோடு வாங்கும் இந்தோனேசியருக்கு என்ன செலவு?

வாங்குபவருக்கு 5 சதவீதக் கொள்முதல் வரி. விலக்கு வரம்பைக் கழித்து மீதிக்குத்தான். விற்பவருக்கு 2.5 சதவீத வருமான வரி. பத்திர அலுவலர் கட்டணம் அதிகபட்சம் 1 சதவீதம். பிறகு ஆண்டுதோறும் நில வரி. உண்மை விலையைக் குறைத்துக் காட்டிப் பத்திரம் போடலாம் என்ற யோசனைக்கு இணங்க வேண்டாம்.

அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

மழை அதிகம். அக்டோபர் முதல் மார்ச், ஏப்ரல் வரை மாலையானால் மேகம் இறங்கிவிடும். துணி காயாது, சுவரில் பூஞ்சை வரும், இரவில் போர்வை தேவைப்படும். பாலி என்றால் கடற்கரை வெயில் என்று நினைத்து வருகிறவர்கள் இங்கே திகைத்துப் போவார்கள்.

பேருந்து கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருசக்கர வாகனம் இல்லாமல் முடியாது. சாதாரண காய்ச்சலுக்கு வட்டத்தின் அரசு சுகாதார நிலையம், அதற்கு மேல் தபானான் நகர அரசு மருத்துவமனை, பெரிய சிகிச்சைக்கு டென்பசார். வயதானவர்களோடும் இதய நோயாளிகளோடும் குடிபோக நினைப்பவர்கள் இந்தத் தூரத்தை நிஜமாக ஒரு மழை இரவில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குழந்தைகளுக்கு ஊரில் ஆரம்பப் பள்ளி உண்டு. மேல்வகுப்புக்குக் கீழே இறங்க வேண்டும். பாடமொழி இந்தோனேசியம், வீட்டு மொழி பாலி. ஆங்கிலம் சுற்றுலாக் கடைகளோடு நின்றுவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை ந்யெபி என்ற மௌன நாள் வரும். அன்று தீவு முழுக்க விளக்கு, வண்டி, வேலை எதுவும் இல்லை. விமான நிலையமும் மூடப்படும். வெளிநாட்டவரும் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

சைவ உணவு கிடைக்குமா?

சமாளிக்கலாம். சோறு, டெம்பே என்ற புளித்த சோயாக் கட்டி, டோஃபு, கீரை, பலாக்காய், தேங்காய் எல்லாம் தாராளம். ஆனால் காய்கறி மசாலாவிலும் இறால் விழுது சேர்ப்பார்கள், சடங்கு விருந்தில் பன்றி இறைச்சி இருக்கும். "தெராசி வேண்டாம், தாகிங் வேண்டாம்" என்ற அளவுக்காவது சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் சொல் இறால் விழுது, இரண்டாவது இறைச்சி.

ஊர்க்காரர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?

மரியாதையோடு ஏற்பார்கள். ஆனால் உறுப்பினர் ஆக்குவது வேறு விஷயம். 2019இல் வந்த பாலி மாகாணச் சட்டம் கிராமத்தில் இருப்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது: ஊரின் உறுப்பினர்களான பாலி இந்துக்கள், வெளியூரிலிருந்து வந்த பாலி இந்துக்கள், பிறகு விருந்தினர். நாம் மூன்றாவது வகை. இந்து என்பதாலேயே முதல் வகை ஆகிவிட மாட்டோம். விருந்தினருக்கும் ஊர் விதிகள் பொருந்தும், ஊர்ச் செலவுக்குப் பங்கும் கேட்பார்கள். பஞ்சார் எனப்படும் தெருச் சபையின் தலைவரைப் போன முதல் வாரமே பார்த்துப் பேசிவிடுங்கள். ஒரு வீட்டில் சாவோ கல்யாணமோ நடந்தால் தெருவே வேலையை விட்டுவிட்டுப் போய் நிற்கும். நீங்களும் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தால் அதற்குப் பிறகு யாரும் உங்களை வெளியாளாகப் பார்க்க மாட்டார்கள்.

முதலீடாகப் பார்த்தால் நில மதிப்பு ஏறுமா?

தெற்கு பாலியில் ஏறிய விதத்தைப் பார்த்து இந்தக் கேள்வி வருகிறது. ஆனால் அங்கே மதிப்பு ஏறியது வயல் வில்லாவாக மாறியதால். இங்கே அப்படி மாற்றுவதைத் தடுக்கத்தான் யுனெஸ்கோ அறிவிப்பும், வயல் பாதுகாப்பு வரைபடமும், கோயில் எல்லையும் இருக்கின்றன. 2025 செப்டம்பர் வெள்ளத்தில் பாலியில் உயிர்கள் போன பிறகு, விளைநிலத்தில் ஹோட்டலும் உணவகமும் கட்ட இனி அனுமதி தருவதில்லை என்று மாகாண ஆளுநர் அறிவித்தார். போக்கு இறுகும் பக்கம்தான் போகிறது. சாலையோரத்தில், குடியிருப்பு மண்டலத்தில், சுத்தமான சான்றிதழோடு இருக்கும் சில மனைகளுக்கு மதிப்பு உயரலாம். அவை மிகக் குறைவு, உள்ளூர்க் குடும்பங்களுக்கே தேவைப்படுபவை. மற்றதெல்லாம் வயல். வயலை விலை ஏறும் சரக்காக நினைத்து வருகிறவர் அங்கே வராமல் இருப்பதே ஊருக்கும் அவருக்கும் நல்லது.

இங்கே பணம் போட விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் வேறு. சிவப்பரிசியையும் காபியையும் விவசாயிகளிடமோ அவர்கள் குழுவிடமோ நல்ல விலைக்கு நேரடியாக வாங்குங்கள். சிறு தங்கும் விடுதி நடத்தும் குடும்பங்களுக்கு வாடகை கொடுங்கள். வியாபாரம் தெரிந்தவர் என்றால், அந்த அரிசிக்கு வெளியே சந்தை பிடித்துக் கொடுங்கள்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப வரம்பு உண்டா?

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டவும் வேண்டும்.

எப்போது போய்ப் பார்ப்பது நல்லது?

சிவப்பு நெல்லை ஆண்டின் தொடக்கத்தில் நட்டு ஜூன், ஜூலையில் அறுக்கிறார்கள். பச்சையைப் பார்க்க ஏப்ரல், மே. ஆனால் குடியிருக்கும் எண்ணம் உள்ளவர்கள் ஜனவரியில் போங்கள். மழை கொட்டும், வழுக்கும், வயல் வெறும் சேறும் தண்ணீருமாக இருக்கும். அப்போதுதான் வாய்க்கால் வேலைக்கு ஊரே இறங்கும். ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கி, பெக்காசேயிடம் அனுமதி கேட்டு அந்த வேலையில் நீங்களும் மண்வெட்டி பிடியுங்கள். நில விலையை யாரிடமும் அந்த ஒரு மாதம் விசாரிக்க வேண்டாம்.